நாக்கை நீட்டுங்க, சம்பந்தி!

போன வாரம் நான் எழுதின கூடத்து ரகளையைப் படித்துவிட்டு, "இந்த ரெண்டு பெரிய மனுஷங்களுக்கும் வேற வேலையே இல்லையா?" என்று கேட்டவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். இல்லை. ஒருத்தர் ரிட்டயர் ஆன கெமிஸ்ட்ரி ப்ரொபசர். இன்னொருத்தர், தெருவே "உருண்டை டாக்டர்" என்று கூப்பிடுகிற ஹோமியோபதி டாக்டர். அவருக்கு மாணவர்கள் கிடையாது, இவருக்கு நோயாளிகள் குறைச்சல். ஆகவே ஒருத்தரை ஒருத்தர் வம்புக்கு இழுத்துப் பொழுதை ஓட்டுகிறார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் நம்ம ஆராய்ச்சிக்காரி. ப்ரொபசருக்கு ஒரே மகள், டாக்டருக்கு ஒரே மருமகள். கட்டினவரோ வழக்கம்போல டூரில் இருக்கிறார். சண்டை வரும் என்று மோப்பம் பிடித்து டூர் போட்டுக்கொள்வதில் அந்த மனுஷனை யாரும் மிஞ்ச முடியாது.

சண்டை எங்கே போய் முடிந்தது என்பது நினைவிருக்கும்.

"உங்க மருந்து என் பொண்ணோட லேப்ல பாஸாகட்டும் பார்ப்போம். நானே வந்து உங்க முன்னாடி உட்கார்ந்து நாக்கை நீட்டுறேன்!" என்றார் ப்ரொபசர்.

"பாஸாகலைன்னா வாசல்ல இருக்கற டாக்டர் பலகையை என் கையாலயே கழட்டிப் போட்டுடறேன்!" என்று கத்தினார் டாக்டர்.

கத்தி முடித்ததும் அவர் பார்வை தானாக வாசல் பக்கம் போனது. அதைக் கவனித்தவள் மருமகள் மட்டும்தான்.  அந்தப் பலகையை எடுத்துவிட்டால் மாமாவிடம் மிச்சம் என்ன இருக்கும்? கூடத்து நடுவில் பேப்பரை விரித்துக்கொண்டு, "காலை மடக்குங்க, பெருக்கணும்" என்று அத்தையிடம் திட்டு வாங்குகிற ஒரு ஆள். அவ்வளவுதான்.

அது நடந்து மாசக்கணக்காகி, இன்றைக்கு அந்த ரிசல்ட் நாள்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், பாடம் நடத்த மாட்டேன். நாம் மூச்சிழுத்து வாங்குகிற ஆக்சிஜனே சில சமயம் உடம்புச் செல்களைக் கெடுத்து வைக்கும். லேபில் அதற்கு ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர். வீட்டில் அத்தை அதை "துரு" என்பாள், அதுவே எனக்கும் வசதி. கண்ணாடித் தட்டில் வளர்கிற செல்கள் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டால் துரு ஏறிச் செத்துப்போகும். அதற்கு முன்னால் செம்பு, துத்தநாகம், தங்கம் இவற்றிலிருந்து செய்த ஹோமியோபதி மருந்தைக் கொடுத்து வைத்தால் பிழைக்குமா? இதுதான் கேள்வி.

மருந்து செய்து கொடுத்தவர் மாமா. உலோகமே சேர்க்காமல், ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டும் கலந்து, மருந்தைக் குலுக்கித் தட்டுகிற மாதிரியே தட்டிச் சில வெறும் புட்டிகளையும் அவரே கொடுத்திருந்தார். எது மருந்து, எது வெறும் புட்டி என்று ஆராய்ச்சிக்காரிக்கே தெரியக்கூடாது. அதனால் லேப் ஸ்டோர்காரர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பழுப்பு நிறப் புட்டிகளில் மாற்றி ஊற்றி, மேலே ரகசிய எண் ஒட்டிக் கொடுத்தார். எந்த எண் எதற்கு என்பது அவருக்கு மட்டும்தான் வெளிச்சம்.

காலையில் அவர் அந்த எண்களின் ரகசியத்தை உடைத்தார். லேபின் தலைவி, எல்லோருக்கும் "மேடம்", பக்கத்தில் நின்றார். மேடம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சொந்தக் கல்யாண போட்டோவிலேயே உர்ரென்றுதான் இருக்கிறார் என்று லேபில் பேச்சு.

முதல் எண், மருந்து. செல்கள் பிழைத்திருந்தன. அடுத்தது வெறும் புட்டி. செல்கள் காலி. அடுத்தது மருந்து, பிழைத்திருந்தன. கடைசி வரை அப்படியே, ஒன்றில்கூடக் கணக்கு மாறவில்லை.

மேடம் சிரித்துவிட்டார். ஸ்டோர்காரர் பயந்து ஒரு அடி பின்னால் போனார்.

"நாளைக்கு மீட்டிங்ல வெளியிலேர்ந்து பெரிய தலைங்க எல்லாம் வர்றாங்க. நீதான் பேசற" என்றார் மேடம்.

"ஒரு விஷயம் உறுத்துது மேடம். செம்பு, தங்கம், துத்தநாகம், மூணும் ஒரே அளவுக்குக் காப்பாத்தியிருக்கு. வீரியத்தை மாத்தினாலும் அதே அளவு. மூணு பசங்க பேப்பர்ல ஒரே விடை வரிக்கு வரி இருந்தா நாம என்ன நினைப்போம்?"

"சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம்மா நீ" என்றார் மேடம். "போய் நாளைக்குப் பேச ரெடி பண்ணு."

மீட்டிங் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது லேப் சட்டம். நம்ம ஆள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். வெளியே வந்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொண்டு மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, பாஸ்!"

  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அம்மாடி, இன்னொரு தடவை சொல்லு. இரு இரு, ஸ்பீக்கர்ல போடறேன். உங்க அத்தை காதுல விழட்டும். இத்தனை வருஷமா நான் சர்க்கரை உருண்டையை உருட்டிட்டு உட்கார்ந்திருக்கேன்னு சொல்லிட்டிருந்தா இல்ல? நல்லா சத்தமா சொல்லு."

அவள் சொன்னாள். மாடிப்படிக்கு மேலே போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டை. கிளினிக் அறையில் மருந்துப் புட்டிகளை எல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். முன்னால் நோயாளி உட்காருகிற ஸ்டூலுக்குக்கூட ஒரு துடைப்பு நடந்திருந்தது.

"மதியத்திலேர்ந்து அஞ்சாறு தடவை தலை வாரியாச்சு" என்றாள் அத்தை. "இருக்கற நாலு முடிக்கு இத்தனை சீப்பு தாங்காது."

மருமகள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு நிறைந்து சிரித்த சிரிப்பு. பலகை பிழைத்துவிட்டது.

ப்ரொபசர் அப்பா சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். முகம் தூக்குமேடைக்குப் போகிறவர் முகம். அம்மா போய் இரண்டு வருஷமாகத் தனியாக இருக்கிற மனுஷன், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"வாக்குன்னா வாக்குதான். கொடுங்க சம்பந்தி, எந்த உருண்டையைக் கொடுக்கணுமோ கொடுத்துத் தொலைங்க."

"அவசரப்படாதீங்க" என்றார் மாமா. குரலில் தேன் வழிந்தது. "ஆளைத் தெரிஞ்சுக்காம மருந்து கொடுக்கறது எங்க முறையிலயே கிடையாது. முதல்ல கேள்வி. தலையணை ஒண்ணா, ரெண்டா?"

"மருந்துக்கும் தலையணைக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"தண்ணியை மடமடன்னு குடிப்பீங்களா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"மடமடன்னு."

"கோபம் வந்தா கத்துவீங்களா, உள்ளுக்குள்ளயே வச்சுப்பீங்களா?"

"நீங்கதான் கண்ணால பார்த்திருக்கீங்களே!"

"நோயாளி வாயால வரணும்."

"கத்துவேன்!" என்று கத்தினார் அப்பா.

"ரொம்ப சரி. எதைக் கண்டாவது பயமா? இடி, இருட்டு, உயரம்?"

"எனக்கு எதுக்கும் பயம் கிடையாது."

"பல்லி?"

அப்பா கூரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "இங்கே இருக்கா?" என்றார் சின்னக் குரலில்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தும் இந்தச் சேதி அவளுக்குப் புதுசு. வீட்டில் பல்லி வந்தால், "படிக்கிற நேரம், தொந்தரவு பண்ணாதே" என்று அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். அம்மாதான் துடைப்பத்தோடு வருவாள். ஓகோ, கதை அப்படிப் போகிறதா!

"தூக்கம் எப்படி, சம்பந்தி?"

 அப்பா பொத்தானை நோண்டினார். மாமா காத்திருந்தார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும், வேறு எதற்கும் அவரிடம் பொறுமை கிடையாது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மருந்தைக் கொடுங்க" என்றார் அப்பா கடைசியில்.

"சரி. நாக்கை நீட்டுங்க, சம்பந்தி!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார். மாமா ஒரு புட்டியை எடுத்தார். அதை உடனே திறந்தாரா? எப்படித் திறப்பார்! வாழ்நாளில் கிடைத்த நிமிஷம், அதை இழுத்து இழுத்து அனுபவிக்க வேண்டாமா?

"பார்த்தீங்களா, தக்கை! நல்ல மரத்தக்கை. உங்க பொண்ணு லேப்லேர்ந்து புட்டியோட பிளாஸ்டிக் மூடி கொடுத்து அனுப்பினா. மருந்துக்குப் போய் பிளாஸ்டிக்கா? ஒரே நாத்தம். அத்தனையையும் ஓரமா ஒதுக்கி வச்சுட்டு, அலைஞ்சு திரிஞ்சு தக்கை வாங்கிப் போட்டேன். அதனாலதான் இன்னைக்கு ஜெயிச்சேன்!"

மருமகள் சிரிப்பு பாதியில் நின்றது.

"மாமா, எல்லாப் புட்டிக்கும் தக்கையா போட்டீங்க?"

"மருந்துப் புட்டி எல்லாத்துக்கும்."

"வெறும் புட்டிக்கு?"

"கடையில அவ்வளவு தக்கை இல்லைம்மா" என்றாள் வாசற்படியில் நின்ற அத்தை. "சும்மா தண்ணிக்கு எதுக்கு தக்கை, பிளாஸ்டிக்கே போதும்னு நான்தான் சொன்னேன். எனக்கும் கொஞ்சம் பேர் கிடைக்கட்டும்."

"புட்டிங்களை நிமிர்த்தி வச்சிருந்தீங்களா, படுக்க வச்சிருந்தீங்களா?"

"பின்னே? தக்கை காஞ்சு போகாம இருக்கணும்னா படுக்கத்தானே வைக்கணும்" என்றார் மாமா. "உனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது?"

 அவள் சமையலறைக்குள் ஓடி ஸ்டோர்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மாமா கொடுத்த புட்டியிலேர்ந்து மாத்தி ஊத்தினீங்களே, எல்லாமே தண்ணி மாதிரிதானே இருந்துச்சு?"

"சிலது தண்ணி மாதிரி இருந்துச்சும்மா. சிலது லேசா டீத்தண்ணி மாதிரி மஞ்சளா இருந்துச்சு. மருந்துன்னா கலர் இருக்கும்தானேன்னு நான் ஒண்ணும் கேட்டுக்கலை. ஏம்மா?"

அவ்வளவு நீர்த்த அந்த வீரியத்து மருந்துக்குக் கலரே கிடையாது. பழுப்புப் புட்டிக்குள் மஞ்சள் இருந்தது அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? செல்கள் மேல் அவள் விட்டதும் ஒரு துளியில் ஒரு பங்குதான். தக்கை என்பது மரப்பட்டை. வாரக்கணக்கில் ஆல்கஹாலில் ஊறினால் சாறு இறங்கும். செல்லுக்குத் துருப் பிடிக்காமல் தடுக்கிற சரக்கு அந்தச் சாற்றில் தாராளமாக இருக்கிறது. மூன்று உலோகமும் ஒரே அளவு காப்பாற்றியதும் சரிதான். மூன்றுக்கும் ஒரே கடைத் தக்கை.

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன். மாமா தேன் குரலில் பேசி எத்தனை காலமாயிற்று! இந்த ஒரு சாயங்காலமாவது அவருக்கு மிச்சமாகட்டுமே. ஆனால் நாளைக்கு அத்தனை பேருக்கு முன்னால் நின்று, தெரிந்தே ஒரு தப்பை எப்படிச் சொல்வது? அதுவும் மாமா பேரை வைத்து? அவளால் முடியாது.

திரும்பி வந்தபோது அப்பா இன்னும் நாக்கை நீட்டியபடியே இருந்தார். மாமா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்து தயாரிப்பின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, நிறுத்துங்க."

"ஆ?" என்றார் அப்பா. நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "உங்க மருந்து வேலை செய்யலைன்னு நான் சொல்லலை மாமா. காப்பாத்தினது மருந்தா, தக்கையான்னு பிரிச்சுச் சொல்ல வழியில்லை. எல்லாத்தையும் முதல்லேர்ந்து மறுபடி செஞ்சு பார்க்கணும். மூடி கொடுத்தனுப்பினவ, ஏன் அதையே போடணும்னு சொல்லியிருக்கணும். என் தப்பு."

 அத்தை, எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அத்தை, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அப்போ பாஸ் இல்லை" என்றார் மாமா.

"பெயிலும் இல்லை மாமா. பரீட்சையே செல்லாது."

"பாஸ் இல்லைதானே?"

"...இல்லை."

மாமா உருண்டையை மறுபடி புட்டிக்குள் போட்டார். மேஜை டிராயரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "சம்பந்தி வாக்கைக் காப்பாத்த வந்து உட்கார்ந்தார். நான் மட்டும் சளைச்சவனா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். குரலில் ஒரு சொட்டுத் தேன் இல்லை. காலையில் போனில் கத்திய தன் வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

இனி அப்பா சிரிப்பார். விழுந்து விழுந்து சிரிப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சம்பந்தி" என்றார் அப்பா. "எங்கே போறீங்க?"

"வாசலுக்கு."

"நோயாளியை நடுவுல விட்டுட்டு எந்த டாக்டராவது எழுந்து போவாரா?"

"என்ன சம்பந்தி, கேலியா? மருந்துதான் செல்லாதுன்னு ஆயிடுச்சே."

"அந்த உருண்டை யாருக்கு வேணும்? அதை நான் நாளைக்கும் கேலி பண்ணத்தான் போறேன். தூக்கம் எப்படின்னு கேட்டீங்களே, நான் இன்னும் பதிலே சொல்லலை." அப்பா பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவ போன அப்புறம் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை."

மருமகளுக்குச் சுருக்கென்றது. வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கரண்ட் பில் கட்டியாச்சா, எல்லாம் கேட்கிறாள். தூங்கினீங்களா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

மாமா நின்றது நின்றபடியே நின்றார்.

"மறுபடி டெஸ்ட் முடியட்டும், அப்புறம் பலகையைப் பத்திப் பேசலாம்" என்றார் அப்பா. "இப்ப உட்காருங்க. கழுத்து வலிக்குது, எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்க்கறது?"

மாமா உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "சொல்லுங்க. படுத்த உடனே தூக்கம் வருதா?"

"வர்றதே இல்லை. ஒரு மாசமா. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஆனா..." அப்பா மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மாடி" என்றார் மாமா. "வெளியே போ. கேஸ் கேக்கும்போது சொந்தக்காரங்க உள்ளே நிக்கக்கூடாது."

"நான்?" என்றாள் அத்தை.

"நீதான் முதல்ல."

கிளினிக் அறைத் திரை இழுத்து மூடப்பட்டது. மாமியாரும் மருமகளும் வெளியே நின்று, அவரவர் காதைத் திரைப்பக்கம் நீட்டிக்கொண்டார்கள். கேட்டது முணுமுணுப்பு மட்டும். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேடம்.

"நாளைக்குப் பேச எல்லாம் ரெடியா?"

"ரெடி மேடம். ஆனா செம்பைப் பத்தி இல்லை, தக்கையைப் பத்தி." மூச்சு விடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

 "வீட்டு அட்ரஸை அனுப்பு. நான் இப்பவே கிளம்பி வர்றேன்" என்று சொல்லிவிட்டு மேடம் போனை வைத்துவிட்டார். கோபமா, வேறெதாவதா, ஒன்றும் பிடிபடவில்லை. சிரிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவர் வந்து இறங்கிய கூத்து அடுத்த வாரம்.

திரைக்கு உள்ளே முணுமுணுப்பு நீண்டுகொண்டே போனது. நடுவில் மாமா, "அடடே!" என்றார். அப்புறம், "எப்போலேர்ந்து?" என்றார். அப்பா என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்துக் கேட்டதே இல்லை. மருமகளும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருவழியாகத் திரை விலகி மாமா வெளியே வந்தார். மருமகள் வழியை மறித்துக்கொண்டாள்.

"அப்பா என்ன மாமா சொன்னார்? உடம்புக்கு ஏதாவதா? எதுவானாலும் என்கிட்ட சொல்லிடுங்க."

மாமா நிமிர்ந்து நின்றார்.

"நோயாளி சொன்னதை வெளியே சொல்றவன் டாக்டரா? ஒரு வார்த்தை வராது."

சொல்லிவிட்டு இரண்டடி நடந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. திரும்பி அத்தையைப் பார்த்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சம்பந்திக்கு அடுத்த சிட்டிங். கூட ஒரு கப் காபி போட்டு வை. தனியா வரமாட்டார். அவர் தூக்கத்தைக் கெடுத்த அம்மாவும் கூட வர்றாங்க."